புறமுதுகு காட்டும் உரிமை

ஓடுகிறவனை இகழ்வது நமக்குப் பழக்கம். புறமுதுகு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிறோம். நான் இங்கே அந்தப் புறமுதுகின் பக்கம் நின்று வாதாடப் போகிறேன். வழக்கு நடக்கும் இடம் போர்க்களம் அல்ல; நாலைந்து சிநேகிதர்கள் கூடி உட்காரும் ஒரு மேஜை.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் இதை வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, வீரனாகவும் மந்திரவாதியாகவும் பாதாள அறைகளில் இறங்குவார்கள். செய்வதை வாயால் சொல்ல வேண்டும். பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். சுருங்கச் சொன்னால், நாலு பேர் சேர்ந்து பேசிப் பேசியே கட்டுகிற நாவல். ஆகவேதான் நாவல் எழுதுகிறவனாகிய நான் இதில் மூக்கை நுழைக்கிறேன்.

இந்த ஆட்டம் பதிப்புக்குப் பதிப்பு மாறி வந்திருக்கிறது. பழைய பதிப்புகளில் பயந்து பதுங்கினார்கள், புதிய பதிப்புகளில்தான் வீரம் பிறந்தது என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பெருமையைத்தான் நான் மறுக்கிறேன்.

முதலில் கூலிக் கணக்கைப் பாருங்கள். எதற்குக் கூலி உண்டோ அதைத்தான் மனிதன் செய்வான். இந்த ஆட்டத்தில் கூலிக்கு அனுபவப் புள்ளி என்று பெயர்; அது சேரச் சேரப் பாத்திரம் படி ஏறும். 1981-ல் டாம் மோல்ட்வே செப்பனிட்ட அடிப்படைப் பதிப்பில், மீட்டு வரும் பொற்காசு ஒன்றுக்கு ஒரு புள்ளி. காப்ளின் என்ற குட்டிப் பூதத்தை வென்றால் 5 புள்ளி. போர்வீரன் இரண்டாம் படிக்கு ஏற 2,000 புள்ளி வேண்டும். சண்டை போட்டே ஏறுவதென்றால் அவன் பங்குக்கு மட்டும் 400 காப்ளின்கள்! அதற்குப் பதில், அவை உறங்கும் நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டால் காரியம் முடிந்தது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ காப்ளினுக்கு 50 புள்ளி. இரண்டாம் படிக்கு 300 போதும். ஆறே காப்ளின்கள்! பொற்காசுக்குப் புள்ளியே கிடையாது.

இந்தக் கணக்கிலிருந்துதான் யுத்த தந்திரம் பிறக்கிறது. பழைய ஆட்டக்காரர்கள் கதவில் காதை வைத்துக் கேட்டார்கள்; பேரம் பேசினார்கள்; லஞ்சம் கொடுத்தார்கள். துரத்தி வரும் மிருகத்தின் முன் தின்பண்டத்தை எறிந்துவிட்டு ஓடினார்கள். மிருகம் நின்று தின்னுமா, தொடர்ந்து துரத்துமா என்பதற்குப் புத்தகத்திலேயே விதி இருந்தது, பாதிக்குப் பாதி. புதிய ஆட்டக்காரர் கதவை உதைத்துத் திறக்கிறார். அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். உதைக்கச் சொல்லிக் கூலி கொடுத்தவர்கள் வேறு.

ஆனால் என் பெரிய வழக்கு நம் வீரர்களைப் பற்றியது அல்ல. எதிரே நிற்கும் அந்தக் குட்டிப் பூதத்தைப் பற்றியது.

1981-ன் புத்தகத்தில் ஒவ்வொரு பிராணிக்கும் எதிரே 2 முதல் 12 வரை ஓர் எண் அச்சாகியிருந்தது. மனவுறுதி எண் என்று சொல்லலாம். தங்கள் பக்கத்தில் முதல் சாவு விழுந்ததும் ஒரு முறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒரு முறை, நடத்துகிறவர் இரண்டு பகடை உருட்டலாம். எண்ணைத் தாண்டி விழுந்தால் அந்தக் கூட்டம் ஓடும், அல்லது சரணடையும். காப்ளினின் எண் 7. அதாவது, ஒருவன் செத்து விழுந்த மாத்திரத்தில், பத்துச் சண்டையில் சுமார் நாலு சண்டை முடிந்துபோகும். அப்போதும் இது கட்டாய விதியல்ல. நடத்துகிறவர் விருப்பத்துக்கு விட்டதுதான். ஆனால் எண் கண்முன் நின்றது. கண்முன் நிற்பதை யாரும் மறப்பதில்லை.

பயம் யுத்தத்தின் ஒரு பகுதி என்பது அந்த ஆட்டத்தின் முன்னோர்களுக்குத் தெரியும். இது பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. 1971-ல் கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் எழுதிய 'செயின்மெயில்' விதிகளில், அடிபட்ட படை குலைந்து ஓடுவதற்கும் கணக்கு இருந்தது. படைகள் கடைசி ஆள்வரை நின்று சாவது அபூர்வம் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

பிறகு என்ன நடந்தது? 1989-ன் இரண்டாம் பதிப்பில் பொற்காசுப் புள்ளி நடத்துகிறவர் இஷ்டம் என்றாயிற்று. மனவுறுதி எண் மட்டும் பிழைத்திருந்தது. 2000-ல் மூன்றாம் பதிப்பு இரண்டையும் கைவிட்டது. ஐந்தடிக் கட்டங்கள் வந்தன. எதிரியை இருபுறமும் நெருக்கினால் கூடுதல் இரண்டு. அவன் பிடியிலிருந்து அஜாக்கிரதையாக விலகினால் ஓர் இலவச வெட்டு. 2008-ன் நான்காம் பதிப்பு தாங்குகிறவன், தாக்குகிறவன், தலைமை தாங்குகிறவன், களத்தை அடக்குகிறவன் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தது. 2014-ல் மனவுறுதி திரும்பி வந்தது, எப்படி? நடத்துகிறவர் கையேட்டின் ஒரு மூலையில், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று. காப்ளினுக்கு எதிரே எண் இல்லை. 2024-ல் திருத்திய பதிப்பு ஆயுதத்துக்கு ஆயுதம் தனி வித்தை கற்றுக் கொடுத்திருக்கிறது. வெட்டுகிற கலை வளர்ந்துகொண்டே போகிறது. வெட்டுப்படுகிறவனின் மனம் மட்டும் புத்தகத்திலிருந்து நழுவிவிட்டது.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. 1981-ல் உயிர்ப் புள்ளி பூஜ்யத்தைத் தொட்டால் சாவுதான். மந்திரவாதிக்கு ஆரம்பத்தில் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு மேல் கிடையாது. மந்திரமும் நாளைக்கு ஒன்றுதான். அதைச் சொல்லி முடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். நான்காம் பதிப்பு அவனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வேலை கொடுத்தது. அது தர்மமான காரியம். ஆனால் மறுகோடிக்குப் போயிருக்கிறோம். 2014-ன் விதிப்படி விழுந்தவனைத் தூரத்திலிருந்தே ஒரு மந்திரச் சொல்லால் எழுப்பலாம். இரவு நன்றாகத் தூங்கினால் காயமெல்லாம் காலையில் மாயம். ஆகவே, விழுகிறவரையில் வைத்தியம் பார்க்காதே என்பதே தந்திரமாகிவிட்டது. இதற்கா வீரம் என்று பெயர்? சாவுக்கு அஞ்ச வேண்டாதவன் காட்டுவது துணிச்சலே அல்ல. அது வெறும் வழக்கம்.

விதி எதற்கு, நல்ல நடத்துநர் தாமாகவே எதிரியை ஓடச் செய்யமாட்டாரா என்று கேட்பார்கள். செய்வார். ஓடவிட்ட எதிரிக்கும், சிறைபிடித்த எதிரிக்கும் புள்ளி உண்டு என்று புதிய கையேடும் சொல்கிறது; அதையும் மறைக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு, ஐந்து பிராணிகளின் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டிருக்கும் அந்த மனிதருக்கு யார் நினைவூட்டுவது? அவராக ஓடச் செய்தால், நம்மைத் தப்பவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் சந்தேகிப்பார்கள். பகடை சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. சலுகையாகக் கிடைப்பது வேறு, உரிமையாகக் கிடைப்பது வேறு.

விளையாட்டுத்தானே, இதற்கு இத்தனை ஆவேசம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. கதையும்தான் விளையாட்டு. அதை ஏன் கண்கலங்கிப் படிக்கிறோம்? ஓடத் தெரிந்த எதிரி ஒரு பாத்திரம். ஓடத் தெரியாத எதிரி ஒரு விறகுக்கட்டை. ஓடியவன் நாளைக்குப் பத்துப் பேருடன் திரும்பி வரலாம். சரணடைந்தவன் வழிகாட்டலாம், காட்டிக்கொடுக்கலாம், சோறு கேட்கலாம். அவன் மண்டியிட்ட கணத்தில் நம் வீரர்களுக்கு முதன்முறையாக ஒரு கஷ்டமான கேள்வி எழுகிறது: இவனை என்ன செய்வது? அந்தக் கேள்வியில்தான் கதை ஆரம்பமாகிறது. எல்லோரும் செத்துக் கிடக்கிற அறையில் கேள்வி ஏது?

புதிய பதிப்புகளை எரித்துவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு ஆடச் சொல்லவில்லை. கட்டங்கள் இருக்கட்டும், வித்தைகள் இருக்கட்டும். காப்ளினின் பெயருக்கு எதிரே அந்த ஒற்றை எண்ணை மறுபடி அச்சிடுங்கள் என்கிறேன். அச்சுக் கூலி அரை வரிகூட ஆகாது. அந்தக் குட்டிப் பூதம் உயிருக்குப் பயந்து ஓடட்டும். அவன் முதுகைப் பார்த்து வாளைத் தாழ்த்துகிறவன் எவனோ, அவனை வீரன் என்று நான் ஒப்புக்கொள்கிறேன்.