காஞ்சிபுரத்துக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

எங்க ஊர்ப் பேரைத் தமிழில் எழுதச் சொன்னால் பிள்ளையார்பாளையத்து மூணாங்கிளாஸ் பையன்கூடத் தப்பில்லாமல் எழுதுவான். காஞ்சிபுரம். முடிஞ்சது. அதையே உரலில் போடுங்க பார்க்கலாம். 'சி'க்கு ஒரு 'ஐ'யா, ரெண்டு 'ஈ'யா? மாவட்ட நிர்வாகத்தின் தளத்தில் ரெண்டு 'ஈ'. சேலைக்காரர்களுக்கு அது காஞ்சீவரம். வெள்ளைக்காரன் எழுதிவெச்சது கான்ஜீவரம். ஒரே ஊரு, ஆளுக்கொரு பேரு!

"இணையம்னா இங்கிலீஷ்தாங்க, டெக்னாலஜி அப்படி" என்கிற நண்பர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அது டெக்னாலஜி இல்லைங்க, பழக்கம். ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு ஹைஃபன். அர்ப்பாநெட் கணினிகளுக்குப் பேர் வைக்க அமெரிக்கர்கள் போட்ட விதி இது. 1983-ல் டிஎன்எஸ் வந்தபோது, பழைய பெயர்கள் கெட்டுப்போகக் கூடாதுன்னு அதையே வெச்சுக்கிட்டாங்க. அவங்க வசதிக்குச் செஞ்சது, தப்பே இல்லை.

ஆனா 2003-லேயே பியூனிகோட் வந்தாச்சு. நாம தமிழில் தட்டினால், பிரவுசரே அதை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ஆங்கிலச் சரமாக மாத்திக்கும். டிஎன்எஸ் சர்வர்களைத் தொடவே வேண்டாம். 2010-ல் .இலங்கை, 2011-ல் .இந்தியாவும் .சிங்கப்பூரும் வந்தாச்சு. இன்னும் என்ன சாக்கு?

"போலித்தளம் வருமே?" வரும். தமிழ் எண் ௧-ம் 'க'வும் ஒண்ணு போலத்தான் இருக்கு. ஆங்கிலத்தில் சின்ன 'எல்'லும் 1-ம் மட்டும் குழப்பலையா? பெயரைப் பதிவு செய்யும் இடத்தில் விதி போட்டுத் தடுக்க வேண்டிய விஷயம் இது.

"வெளிநாட்டுக்காரர் எப்படித் தட்டுவார்?" ஆங்கில முகவரியை யாரு விடச் சொன்னது? ரெண்டையும் வாங்கி ஒரே தளத்துக்குத் திருப்பிவிடுங்க. காஞ்சியை ஆண்ட பல்லவரின் காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்க. மன்னன் புகழ் வடமொழியில், நிலத்தின் எல்லை தமிழில். ஊர்க்காரனுக்குப் புரியவேண்டியது எதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிப் பேரைக் காப்பாத்தின ஊரு இது. ஆனா நெசவாளர் தன் சங்கத்தின் முகவரியை போனில் சொல்லணும்னா ஸ்பெல்லிங் பாடம் நடத்தணும். ஒரு எழுத்து மாறினால் வாடிக்கையாளர் வேற கடையில் போய் நிப்பார். அங்கே இருப்பது அசல் பட்டா, யார் கண்டா?

கடைக்காரர்களே, சங்கத்துப் பெரியவர்களே, தமிழ் முகவரி ஒண்ணு வாங்கிப் போடுங்க. பெயர்ப்பலகையில் இருக்கிற தமிழ், உரலில் மட்டும் இருக்கக் கூடாதா?