சுண்ணாம்புக் குழியும் ஒரு நொதியும்

நம் தலைமுடி, நகம், கோழி இறகு, ஆட்டு ரோமம், மாட்டுக் கொம்பு ஆகிய யாவும் ஒரே குடும்பம். கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. இறைச்சியைச் செரிக்கும் பெப்சின், முடியிடம் தோற்றுப்போகிறது. கெரட்டின் இழைகளைக் கந்தகப் பாலங்கள் இறுகப் பிணைத்திருப்பதே காரணம். அப்படியானால் உதிர்ந்த இறகெல்லாம் மலையாகக் குவிந்திருக்க வேண்டுமே! குவியவில்லை. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் கெரட்டினேஸ் என்ற நொதியைச் சுரந்து அவற்றைத் தின்றுவிடுகின்றன.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷி குழுவினர் கோழிக் கழிவிலிருந்து பிரித்த பாசில்லஸ் லைக்கனிபார்மிஸ் இத்தகையது. இறகையே உணவாக்கி வளர்ந்தது அது; 1990-இல் அச்செய்தி வெளியாயிற்று. அதன் நொதி 50 டிகிரி வெப்பத்தை ஒட்டி, சற்றே காரமான கரைசலில் நன்கு வேலை செய்யும். இறகைத் தீவனமாக்கலாம், சலவைத் தூளில் சேர்க்கலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது தோல் தொழிலே.

மதுரைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் திண்டுக்கல். அங்குள்ள தோல் தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதைப் படிக்காமலே எனக்குப் பாதி தெரியும். என் பாட்டனார் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். விரலிடுக்குகளில் ஆறாத புண். ரசம் ஊற்றிச் சோறு பிசையும்போது முகம் சுளிப்பார்.

முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்ப்பது வழக்கம். முடி கூழாகக் கரைந்து கழிவுநீரில் கலக்கிறது. அந்நீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஆளைக் கொல்லும் வாயு அது. கெரட்டினேஸ் முடியை வேரோடு தளர்த்திவிடுகிறது. நல்ல வகை நொதி, தோலுக்கு உரமான கொலாஜனைத் தொடுவதில்லை. முடியும் முழுதாகக் கிடைக்கும். சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் நொதி வழி முடி நீக்கலில் நெடுங்காலம் உழைத்துள்ளது.

பின் ஏன் எல்லாத் தோல் ஷாப்பும் மாறவில்லை? நொதிக்கு நேரமும் வெப்பமும் பிசகக் கூடாது. நுண்முடி சில வேளை தங்கிவிடும். இவை நியாயமான குறைகள். குரோமிய மாசுக்கும் இது மருந்தன்று. ஆனால் “நொதி விலை அதிகம்” என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலாது. சல்பைடு மலிவு என்போர் யாருடைய கணக்கைப் பார்க்கிறார்கள்? உப்பேறிய கிணறு அக்கணக்கில் உண்டா? பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொல்லிவிட்டது. 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். இத்தகைய கசடில் கரைந்த முடிக்கும் சுண்ணாம்புக்கும் பங்குண்டு அன்றோ?

நொதியை இங்கேயே வளர்த்தால் விலை குறையலாம். அதற்கான தீவனமோ, கோழிக் கடைக்காரர்கள் கண்மாய்க் கரையில் கொட்டும் இறகு! அங்கிருந்து ஒரு பிடி மண், ஒரு குடுவை உப்புக் கரைசல், கழுவிய இறகு சில. இவை போதும், பரிசோதனையைத் தொடங்க. அடுத்த ஆண்டுச் செய்முறை வகுப்பில் இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குமாறு நம் துறை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மண் கொண்டுவருவது என் பொறுப்பு.