தூசி யார் கணக்கில்?

லென்ஸைக் கழற்றி மாட்டுகிற ரக கேமரா வைத்திருப்பவரா நீங்கள்? பளிச்சென்ற வானத்தை, எஃப் 16-ல் வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினால், நீல வானத்தில் அங்கங்கே சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். பறவை இல்லை சாமி. சென்ஸாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கண்ணாடியில் உட்கார்ந்திருக்கிற தூசி!

தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போவீர்கள். 'தூசி வர்றது நேச்சுரல் சார், வாரன்ட்டியில வராது' என்பார்கள். இந்த 'நேச்சுரல்' என்கிற வார்த்தையோடுதான் எனக்கு இந்த வாரம் சண்டை.

நிக்கான் டி600 கதை தெரியுமா? 2012-ல் வந்த கேமரா. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே படத்தில் கரும்புள்ளிகள். முக்கியமாக இடது மேல் மூலையில். உலகம் முழுக்கப் புலம்பல். 2013 பிப்ரவரியில் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது. சுருக்கமாகச் சொன்னால், தூசி படிவதை முழுசாகத் தடுக்க முடியாது, புத்தகத்தைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், போகாவிட்டால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வாருங்கள் என்றது. துடைத்தார்கள். திரும்ப வந்தது. அதே வருடம் அக்டோபரில், புது ஷட்டரோடு டி610 என்று அடுத்த கேமரா கடைக்கு வந்துவிட்டது!

2014 பிப்ரவரியில்தான், வாரன்ட்டி முடிந்திருந்தாலும் இலவசமாகப் பார்த்து, தேவைப்பட்டால் ஷட்டரை மாற்றித் தருவதாக இறங்கி வந்தார்கள். மார்ச் 15, நுகர்வோர் தினத்தன்று சீன அரசுத் தொலைக்காட்சி விஷயத்தைப் போட்டு உடைத்தது. ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். மாதக் கடைசியில், சர்வீஸுக்குப் பிறகும் புள்ளி வந்தால் கேமராவையே மாற்றித் தருகிறோம் என்றது கம்பெனி. ஒரு வருடத்துக்கு முன் இயற்கையாக இருந்த தூசி, அரசாங்கம் முறைத்ததும் செயற்கையாகிவிட்டது.

எல்லாப் புள்ளிக்கும் கம்பெனியைத் திட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். காற்றடிக்கிற இடத்தில் லென்ஸ் மாற்றினால் தூசி போகத்தான் செய்யும். அதற்கு வைத்தியம் சுலபம். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் தூசியே தேவலை என்றாகிவிடும். படத்தில் மேலே தெரிகிற புள்ளி, சென்ஸாரில் கீழே இருக்கும். துடைத்தும் அதே இடத்தில் புதுசு புதுசாக வந்தால் மட்டும் விடாதீர்கள். தேதியோடு டெஸ்ட் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். குறையுள்ள பொருளுக்கு மாற்றோ பணமோ கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது.

சரி, தூசியைத் தடுக்கவே முடியாதா? முடியும் என்பதற்குச் சாட்சி தேடி ஜப்பான் போகவேண்டாம். பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போங்கள். நோக்கியா 2006-ல் தொடங்கி 2014-ல் மூடிவிட்டுப் போன பிறகும், அந்தப் பக்கம் செல்போன் பிழைப்பு நிற்கவில்லை. இன்று ஃபாக்ஸ்கான் அங்கே ஐபோன் செய்கிறது. போன் கேமராவில் உள்ளே ஒரு துகள் மாட்டினால் உங்களால் ஊதி எடுக்க முடியாது, அந்த கேமராவையே மாற்றவேண்டும். அதனால் தூசி உள்ளே போகாதபடி முதலிலேயே மூடி அனுப்புகிறார்கள். ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள். எந்தக் கார் கம்பெனியிலும் பெயின்ட் அடிக்கிற இடத்துக்குள் காற்றையே வடிகட்டித்தான் விடுவார்கள். பெயின்ட்டில் ஒரு துகள் ஒட்டினாலும் மறுபடி தேய்க்கவேண்டும், அது கம்பெனிக்குச் செலவு.

நான் பி.காம். படித்தவன். விஞ்ஞானம் வராது, டெபிட் கிரெடிட் வரும். தூசியால் வரும் நஷ்டம் கம்பெனி கணக்கில் ஏறினால், தூசி நிற்கிறது. உங்கள் கணக்கில் ஏறினால், அது நேச்சுரல்.

இப்போது கேட்டுக்கு வெளியே வாருங்கள். ஒரகடம் கூட்டுரோட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றின டிப்பர் லாரிகள் வரிசையாகப் போகும். சிலதில் தார்ப்பாய் உண்டு. சிலதில் பேருக்கு ஓரமாகச் சுருட்டி வைத்திருக்கும். அந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: 'ரோட்டோரத்துல லென்ஸ் மாத்தவே மாட்டேன் சார். மண்டபத்துக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டுத்தான்.' கேமராவுக்குக் கதவு இருக்கிறது. அதே ரோட்டில் டூவீலரில் ஷிஃப்ட்டுக்குப் போகிற பையனுக்கு?

இதில் ஒரு கொடுமை பாருங்கள். படத்தில் பெரிய புள்ளியாகத் தெரிகிற தூசி, பார்வைக்குத் தெரியாத தூசியை விடச் சாது. பெரிய துகளை மூக்கே வடிகட்டிவிடும். நுரையீரலின் அடிவரைக்கும் போவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது சென்ஸாரில் விழுந்தால் உங்கள் வானம் அநேகமாகப் பளிச்சென்றே இருக்கும்! கல் உடைக்கும் இடத்துத் தூளில் சிலிக்கா உண்டு. அது வருடக்கணக்கில் நெஞ்சில் படிந்தால் சிலிகோசிஸ். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 2.5 மைக்ரான் தூசிக்கு, வருட சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. நம் நாட்டு வரம்பு 40. நாம் கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள்.

அரசாங்கம் வந்து லாரியை நிறுத்தும் என்று காத்திருக்கவேண்டாம். கட்டட வேலை நடக்காத தொழிற்பேட்டை கிடையாது. ஜல்லி லாரி எந்த கம்பெனிக்குள் நுழைந்தாலும் கேட்டில் செக்யூரிட்டி நோட்டில் நம்பர், நேரம், டிரைவர் பெயர் எழுதுகிறார். அந்த நோட்டில் 'தார்ப்பாய்' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். மூடாத லாரிக்கு கேட் திறக்காது, அன்றைய லோடுக்குப் பில் பாஸ் ஆகாது என்று ஒரே ஒரு பெரிய கம்பெனி சொல்லட்டும். கிரஷர் முதலாளி மறுநாள் காலையிலேயே தார்ப்பாய்க் கடையில் நிற்பார்.