நெற்களஞ்சியத்தைக் காட்டப் போவது யார்?

சிவாஜி 1677இல் கைப்பற்றிய செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் 12இல் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ்ஸில் வரும் ஜனங்களுக்கு வழிகாட்ட நமது வாலிபர்கள் ஞாயிறுதோறும் தொண்டு செய்ய முன்வந்தால் மகிழ்ச்சியே. ஆனால் எதைக் காட்டுவார்கள்?

கல்யாண மகாலைப் பற்றியும், தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றியும் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. அருகிலேயே பிரம்மாண்டமான நெற்களஞ்சியம் நிற்கிறது. அதை நிரப்பிய நெல் எந்தக் குடியானவனின் அடுப்பை அணைத்துவிட்டு வந்தது? ராஜகிரி உச்சிக்குக் கல் சுமந்தவன் யார்? அதைச் சொல்லட்டும் நமது வாலிபர்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. தொண்டர்கள்தான் இருக்கிறார்களே என்று சர்க்கார் கைகழுவிவிடக் கூடாது. உள்ளூர் வாலிபர்களைப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தில் வழிகாட்டிகளாக நியமிக்க வேண்டும்.