மடிக்கணினி: பெயரை விற்கிறார்கள், வெப்பத்தை மறைக்கிறார்கள்

மடிக்கணினிப் பெட்டியின் மேல் எல்லாம் எழுதியிருக்கும். செயலியின் பெயர், அதன் ஜிகாஹேர்ட்ஸ், நினைவகத்தின் அளவு, திரையின் அகலம். எழுதப்படாத எண் ஒன்று உண்டு: அந்த உடல் தொடர்ச்சியாக எத்தனை வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பது. கடும் வேலையின்போது கணினியின் உண்மையான வேகத்தைத் தீர்மானிப்பது அந்த எண்தான். அதை மறைத்துச் செய்யும் வியாபாரத்தை மோசடி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அதன் அளவு துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். ஆகவே கடைசிப் பத்து வீத வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை பத்து வீத வெப்பம் அன்று. அதைவிட வெகு அதிகம்.

இனிப் பெயர்களின் கதையைப் பாருங்கள். இன்டெல் 2022 இல் வெளியிட்ட கோர் ஐ7-12700எச் செயலியின் அடிப்படை மின்வலு 45 வாட். உச்சம் 115 வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, மடிக்கணினிகளில் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படலாம். அதாவது ஒரே பெயர் ஒட்டிய இரண்டு கணினிகளில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு மின்வலுவில் ஓடலாம். எது எதுவென்று அந்தப் பெயர் சொல்லாது.

2018 யூலையில் வெளிவந்த அப்பிளின் கோர் ஐ9 மக்புக் புரோ, தொடர்ந்து வேலை வாங்கியபோது தன் அடிப்படை வேகமான 2.9 ஜிகாஹேர்ட்சுக்கும் கீழே இறங்கியது. வெப்பத்தை நிர்வகிக்கும் மென்பொருளில் குறை இருந்தது என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அதே மாதத்தில் திருத்தமும் வெளியிட்டது. ஆனால் வெளியே சோதித்தவர்கள் அம்பலப்படுத்திய பின்னர்தான் அது வாய் திறந்தது.

"வெப்பம் ஏறினால் செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது, பிறகென்ன கவலை?" என்று கேட்பார்கள். எரியாதுதான். காசு கொடுத்து வாங்கிய வேகம் எங்கே என்பதே என் கேள்வி. தட்டச்சு, மின்னஞ்சல், கணக்கு அட்டவணை ஆகியவற்றுக்குச் சில விநாடி வேகமே போதும். அதை ஐ5 செயலியும் தரும். காணொளித் தொகுப்பு, பொறியியல் கணிப்பு போன்ற நீண்ட வேலைகளுக்குத் தொடர்ச்சியான வலு வேண்டும். அதை மெல்லிய உடல் தராது. அப்படியானால் மெல்லிய உடலுக்குள் திணிக்கப்பட்ட விலையுயர்ந்த செயலி யாருக்காக? விற்பவருக்காக மட்டுமே.

எங்களைப் போன்ற வெப்ப நாட்டவர்களுக்கு இன்னோர் அநியாயமும் உண்டு. வெப்பத்தை நகர்த்துவது வெப்பநிலை வித்தியாசம். 100 பாகை செல்சியஸ் எல்லை கொண்ட செயலிக்கு 20 பாகை அறையில் 80 பாகை இடைவெளி இருக்கிறது. 32 பாகை அறையில் 68 மட்டுமே. அதே விசிறி, அதே செப்புக் குழாய்; வெளியேற்றக்கூடிய வெப்பமோ ஏறத்தாழ 15 வீதம் குறைவு. லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் உறவினர் ஆசையாய் வாங்கி அனுப்பும் மெல்லிய கணினி, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பற்றரியும் வெப்பத்தால் விரைவில் முதுமையடைகிறது.

2022 இல் இலங்கை ரூபாய் சரிந்தபின், பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி வாங்குவது என்பது நகையை அடகு வைக்கும் காரியமாகிவிட்டது. அந்தக் கணினி படிப்பு முடியும்வரை உழைக்கவேண்டும். எனவே பெற்றோருக்குச் சொல்கிறேன்: செயலியில் ஒரு படி இறங்குங்கள், உடலில் ஒரு படி ஏறுங்கள். சற்றுத் தடித்த உடல், இரண்டு விசிறி, தூசு தட்டுவதற்குத் திருகாணி கழற்றித் திறக்கக்கூடிய அடிப்பகுதி. மீதப்படும் பணத்தை நினைவகத்தில் போடுங்கள். அது தரும் வெப்பம் சொற்பம். கிராபிக்ஸ் வேண்டுமானால் பெயரைக் கேளாதீர்கள், வாட்டைக் கேளுங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிச் சோதித்த மதிப்புரையை மட்டும் நம்புங்கள்.

வாங்குபவர் விழித்திருந்தால் மட்டும் போதாது. விமர்சனங்கள் எழுந்ததும், கிராபிக்ஸ் மின்வலுவை இணையத்தளங்களில் வெளியிடுமாறு 2021 இல் என்விடியாவே தயாரிப்பாளர்களைக் கேட்டது. ஆகவே இது முடியாத காரியம் அன்று. குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதை அதன் மேலேயே ஒட்டவேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. மடிக்கணினிக்கும் அப்படியொரு சட்டம் வரட்டும்: 30 பாகை அறையில், அரை மணி நேர முழு வேலைக்குப் பிறகு, செயலிக்கு எத்தனை வாட், கிராபிக்சுக்கு எத்தனை வாட். இரண்டே இரண்டு எண்கள். அச்சிட மறுப்பவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.