கூப்பிடுங்கள், எழுத்தில் கூப்பிடுங்கள்

பெறுநர்: கல்வி அமைச்சின் செயலாளர், பொது நிர்வாக அமைச்சின் செயலாளர், ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகம், வட மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளர்

விடயம்: அனர்த்த காலங்களில் மீளப் பணிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் ஓய்வூதியப் பாதுகாப்பு

அரச ஊழியரின் ஓய்வு வயது 65 என்று 2022ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது 60 ஆகக் குறைந்தது. இன்னும் சில வருடம் படிப்பிக்கலாம் என்றிருந்தவர்கள் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போனார்கள். கணித, விஞ்ஞான வகுப்புகளுக்கு ஆளில்லை என்ற குரல் எழும்பியதும், போனவர்களை ஒப்பந்தத்தில் திருப்பி அழைக்கும் பேச்சும் கூடவே வந்தது.

இணுவிலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் சங்கம் அந்தப் பேச்சை எதிர்க்கவில்லை. அழைத்தால் அதன் உறுப்பினர்கள் போவார்கள்.

2022 ஜூன், ஜூலையில் பெற்றோல் இல்லாமல் பாடசாலைகள் பூட்டப்பட்டன. மீண்டும் திறந்தபோதும் கிழமையில் மூன்று நாள்தான். தூரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஆசிரியர் எரிபொருள் வரிசையில் நின்ற அந்த நாட்களில், பாடசாலைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் சும்மா இருந்தார்கள். அவர்களை அழைக்க ஒழுங்கான வழி எதுவும் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது உயர்தரப் பரீட்சை இடைநடுவில் ஒத்திவைக்கப்பட்டது. நாட்டின் பல பாடசாலைகள் இடைத்தங்கல் முகாம்களாயின. இத்தகைய வேளைகளில் முதலில் தேவைப்படுவது அனுபவமுள்ள ஆட்கள்.

ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் போன சேவைக்கு என்ன நடக்கும் என்பதை வடபகுதி நன்றாக அறியும். 1995 ஒக்டோபர் 30இல் இணுவில் உட்பட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அத்தகைய போர்க்காலத்தில் வடக்கின் வகுப்புகளைத் தாங்கியவர்களில் தொண்டர் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். அவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காக வீதியில் இருந்தார்கள். செய்த வேலைக்குச் சாட்சி ஊர் முழுக்க இருந்தது, கோவையில்தான் இல்லை.

ஓய்வூதியம் என்றாலே சங்கத்தினருக்கு வரும் பயத்துக்கும் காரணம் உண்டு. 2020 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களின் ஓய்வூதிய முரண்பாட்டைச் சீர்செய்யும் வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கியது, அதுவும் மூன்று கட்டங்களாக. கணக்கில் ஒரு பிசகு வந்தால் அது நேராக எத்தனை வருடம் எடுக்கும் என்பதை அனுபவித்தவர்கள் இவர்கள்.

ஆகவே அனர்த்த காலப் பணிக்கெனத் தனியான சுற்றறிக்கை ஒன்றைச் சங்கம் கேட்கிறது. பணி தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறித்த கடிதம் கையில் தரப்பட வேண்டும். அந்தக் காலத்தில் ஓய்வூதியம் ஒரு சதமும் குறையாது, பின்னாளில் மீள அறவிடப்படவும் மாட்டாது என்பது கடிதத்திலேயே இருக்க வேண்டும். கொடுப்பனவு தனியாக, மாதாமாதம் வர வேண்டும். பணிநேரத்தில் விபத்து நேர்ந்தால் நட்டஈடும், மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்குரிய ஓய்வூதியம் தடையின்றிக் கிடைக்கும் உறுதியும் வேண்டும். ஆண்டுதோறும் தான் உயிரோடிருப்பதாக ஓய்வூதியரிடம் சான்றிதழ் கேட்கும் அரசுக்கு, அவர் வேலை செய்ததற்கு ஒரு கடிதம் கொடுப்பது பெரிய காரியமல்ல.

இது புதுமையான கோரிக்கையும் அல்ல. கொரோனாக் காலத்தில் பிரித்தானியா, பணிக்குத் திரும்பிய சுகாதார ஊழியரின் ஓய்வூதியக் கட்டுப்பாடுகளை 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் இடைநிறுத்தியது. நியூயோர்க் மாநிலம், பாடசாலைகளுக்குத் திரும்பிய ஓய்வூதியருக்கு இருந்த 35,000 டொலர் வருட வருமான வரம்பைத் தற்காலிகமாக நீக்கியது.

வேலையற்ற பட்டதாரிகளின் இடத்தை இந்த ஏற்பாடு பிடித்துவிடக் கூடாது என்பதிலும் சங்கம் உறுதியாக இருக்கிறது. நிரந்தர வெற்றிடத்துக்கு நிரந்தர நியமனமே வழங்கப்பட வேண்டும். அனர்த்தம் முடிந்ததும் ஓய்வுபெற்றவர் வீடு திரும்ப வேண்டும்.

அடுத்த மாரிக்கு முன்னர் இச்சுற்றறிக்கையை வெளியிட்டு, சிங்களப் பிரதியோடு தமிழ்ப் பிரதியையும் ஒரே நாளில் வலிகாமம் வலயக் கல்விப் பணிமனைக்கும் உடுவில் பிரதேச செயலகத்துக்கும் அனுப்பிவைக்குமாறு சங்கம் கேட்டுக்கொள்கிறது.