ஃபார்மட் அடிப்பதற்கு முன்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டி டிடிபி கூடங்களில் அதிகம் கேட்கும் கேள்வி, “புது மெஷினில் பேஜ்மேக்கர் ஓடுமா?” என்பதுதான். 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பதிப்பு. 2004இல் அடோபி அதன் வளர்ச்சிப் பணியையே நிறுத்திவிட்டது. ஆனாலும் தமிழ்ப் புத்தகத் தொழிலில் அது இன்னும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. பல இடங்களில் ஓடவும் செய்கிறது. ஓடுகிறது என்றதும் பழைய மெஷினை ஃபார்மட் அடித்துவிடுகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நம் பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு தமிழ் எழுத்துகூட இருக்காது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது அந்த ஃபான்ட் ஒன்றுதான். எனவே எழுத்துருவைத் தொலைத்தவர் மூலப்பிரதியையே தொலைத்தவர் ஆகிறார்.

எழுத்துருக் கோப்பு பத்திரமாக இருந்தும் எழுத்து காணாமல் போவதுண்டு. டிஸ்கி குறியீட்டில் நடந்தது நினைவிருக்கலாம். அதில் 173ஆம் இடத்தில் இகரம் இருந்தது. சில மென்பொருள்கள் அந்த எண்ணை வரிமுடிவில் மட்டும் தோன்றும் மென்கோடாக எடுத்துக்கொண்டதால், ‘இ’ திரையிலிருந்து மறைந்தது. பிறகு 1.7 பதிப்பில் அதற்கு 254ஆம் இடத்தைக் கொடுத்தார்கள். ஒரே ஃபான்ட், ஒரே கோப்பு; மென்பொருள் மாறினால் போதும், இப்படி ஓர் எழுத்து உதிரும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டால் தப்பித்தோம்.

பொது எழுத்துருக்களையாவது யாரிடமாவது கேட்டு வாங்கிவிடலாம். நம் கூடத்திலேயே திருத்திய எழுத்துருக்களுக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய யானைக்கொம்பு ‘லை’, ‘னை’ வேண்டுமென்று பழைய உரைநூல் பதிப்பாளர் கேட்டிருப்பார். தமிழ் எண்கள், நாள், மாதக் குறிகள், கல்வெட்டுப் பாடத்துக்கான கிரந்தக் கூட்டெழுத்து என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. யாரோ ஒரு கைதேர்ந்தவர் ஃபாண்டோகிராஃபரில் உட்கார்ந்து, காலியாகக் கிடந்த இடங்களில் அவற்றைச் செருகிக் கொடுத்திருப்பார். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அட்டவணை அவரோடு போயிருக்கும். யூனிகோடுக்கு மாற்றும் எந்தக் கருவிக்கும் அந்த இடங்கள் தெரியாது. ஆயிரம் பக்க நூலை மாற்றினால் எல்லாம் சரியாக வந்து, நீங்கள் காசு வாங்கிக்கொண்டு சேர்த்த அந்தப் பத்து எழுத்துகள் மட்டும் குப்பையாக நிற்கும். இத்தொழிலில் இதைவிட எளிதாகத் தவிர்க்கக்கூடிய நஷ்டம் வேறில்லை. வேண்டியதெல்லாம் ஒரு தாள்.

காப்புப் பிரதி எடுக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். ‘சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ்’ என்ற ஒரே கோப்புறையை நகலெடுப்பது பலருக்குப் பழக்கம். ஆனால் விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளில் சும்மா ‘இன்ஸ்டால்’ அழுத்தினால், ஃபான்ட் அந்தப் பயனருடைய மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைக்குள் போய் உட்காருகிறது. பழைய நிரல்கள் சிலவற்றின் கண்ணுக்கு அது படுவதில்லை. எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் வழியைத் தேர்ந்தால்தான் பழைய இடத்துக்குப் போகும். லதா, விஜயா எழுத்துருக்கள் இரண்டும் விண்டோஸ் 10 முதல் விருப்பச் சேர்க்கை ஆகிவிட்டன. புதிதாக நிறுவிய கணினியில் அவை தாமாக இல்லாமல் போகலாம். லதாவில் அமைத்த வேர்டு கோப்பு நிர்மலாவில் திறந்தால் வரி ஓட்டம் மாறும், பாரக் கணக்கு இடிக்கும்.

டைப் 1 எழுத்துரு வைத்திருப்பவர்களுக்குக் கெடு முடிந்தே போயிற்று. ஃபோட்டோஷாப் 2021இலும், இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் 2023 தொடக்கத்திலும் அவற்றைக் கைவிட்டன. பேஜ்மேக்கர் கோப்பை நேரடியாகத் திறக்கும் கடைசி இன்டிசைன் சிஎஸ்6தான். அதன் நிறுவல் வட்டு கைவசம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

“பிடிஎஃப்தான் இருக்கிறதே” என்பார்கள். அச்சடிக்க அது போதும். அதிலிருந்து உரையை நகலெடுத்தால் மறுபடி அதே ஆங்கிலக் குப்பைதான். உட்பொதிந்த ஃபான்ட்டிலும் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தில் பயன்பட்ட எழுத்துகள் மட்டுமே இருக்கும். மறுபதிப்பில் ஒரு சொல்லைத் திருத்தப் போனால் அதற்கான எழுத்து இருக்காது.

மூலையில் ஒரு பழைய எக்ஸ்பி கணினியைத் துணி போர்த்தி வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று நாங்கள் ஏற்கவில்லை. ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றுபோகும். அது ஓடும்போதே விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற ஒன்றில் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், விசைப்பலகை மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுவி, அந்த முழுக் கணினியையும் ஒரு கோப்பாக இரண்டு வட்டுகளில் வைத்துக்கொள்ளலாம். பேரலல் போர்ட்டில் செருகும் பூட்டுச்சாவியோடு வந்த மென்பொருளுக்கு மட்டும் இவ்வழி கைகொடுப்பது கடினம். இன்றைய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது.

டெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோர் இந்த விஷயத்தில் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். அதன் தொகுப்பான டெக் லைவ் ஆண்டுதோறும் புதிய கோப்புறையில் வருகிறது. சொந்த எழுத்துருக்களும் பாணிக் கோப்புகளும் அதற்கு வெளியே, ‘டெக்ஸ்எம்எஃப்-லோக்கல்’ என்ற தனி இடத்தில் இருக்கின்றன. புதுப் பதிப்பு அதைத் தொடுவதில்லை. அவசரத்தில் மூலக் கோப்புறைக்குள்ளேயே திருத்தம் செய்தவர்தான் அடுத்த ஆண்டு தேடி அலைய வேண்டும். நம் கூடங்களிலும் இதையே செய்யலாம்: நமது எழுத்துரு, நமது விசை அமைப்பு, நமது ஸ்டைல் கோப்பு என எல்லாம் இயங்குதளத்துக்கு வெளியே தனி வட்டில்.

உரையை யூனிகோடுக்கு மாற்றத்தான் வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றிய பிறகும் மூலக் கோப்பையும் அதன் ஃபான்ட்டையும் அழிக்காதீர்கள். மாற்றத்தில் பிழை இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இல்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மெஷினை ஃபார்மட் அடிக்கும் முன், உங்கள் கூடத்தில் திருத்திய ஒவ்வொரு எழுத்துருவுக்கும் 32 முதல் 255 வரை எண்ணும் எழுத்துமாக ஓர் அட்டவணையை அச்சிட்டு, அந்த எழுத்துருவின் உரிமச் சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். ஃபான்ட் திருத்தத் தெரிந்த ஊழியர் இன்னும் உங்களிடம் இருந்தால், அந்த வேலையை இந்த மாதமே அவரிடம் கொடுங்கள்.